டீச்சர் மகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தளத்தைப் பல வருடமாகப் படித்துவந்தாலும் எழுதுவது இதுதான் முதல் முறை. என் அம்மா போன மாசியில் தவறிவிட்டார். மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர். 2001இல் ஏர்வாடி தீ விபத்து நடந்த பிறகு தபால் வழியில் உளவியல் படித்தார். அதற்கப்புறம் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், படிப்பு ஏறாத பிள்ளைகள், பேசாத பிள்ளைகள், அடங்காத பிள்ளைகள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ரிட்டயர்டு ஆன பிறகும் அது நிற்கவில்லை.

கருமாதிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எங்களுக்கே ஆச்சரியம். மைக்கைப் பிடித்த எல்லோரும் ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய்’ என்றார்கள். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். என்னை வளர்த்தது அப்பத்தா. எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு மரப்பலகை இருக்கும், வட்டம், நட்சத்திரம் என்று கட்டைகள் வைத்தது. வீட்டிலேயே நல்ல விளையாட்டுச் சாமான் அதுதான், தொட்டால் அடி விழும். ஒன்பதாம் வகுப்பில் நான் கணக்கில் ஃபெயில் ஆனபோது ரேங்க் கார்டில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். ஊர்ப் பிள்ளைகளின் குறையை எல்லாம் கண்டுபிடித்தவருக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

இப்போது பழைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்கள். முதல் கட்டுரை நான் எழுத வேண்டுமாம். நல்லதை மட்டும் எழுதினால் பொய். மற்றதை எழுதினால் செத்தவரைப் பழித்த மகள் ஆகிவிடுவேன். அம்மாவின் நோட்டுகள் வேறு ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் குறிப்பு. அதிலிருந்து சில கதைகளை எடுத்து மலரில் போடலாம் என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

முதலில் அந்த மரப்பலகை விஷயத்தை முடித்துவிடுவோம், இத்தனை வருடமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அது சேகன் பலகை. எடுவார் சேகன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியவர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக உருவாக்கியது, பிற்பாடு அது சோதனைக் கருவியானது. பத்துக் கட்டைகள், பத்துக் குழிகள். கட்டைகளை அடுக்கிவைத்துவிட்டு, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போடச் சொல்வார்கள். மூன்று தடவை. அதில் குறைந்த நேரம் எதுவோ அதை வைத்து மன வயதை, அதாவது புத்தி எத்தனை வயதுப் பிள்ளைக்குரியது என்பதை, கணக்கிடுவார்கள். ஒரு கட்டை தொலைந்தால் பலகை வீண், புதிதாக வாங்க மதுரைக்கோ சென்னைக்கோ சொல்லிவிட வேண்டும். அதோடு, வீட்டில் தினமும் அதை வைத்து விளையாடுகிற பிள்ளைக்கு நாளைக்கு ஒரு தேவை என்று வந்தால் அந்தச் சோதனையால் பிரயோஜனம் இருக்காது, கை பழகியிருக்கும். ஆகவே தொடாதே என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை உங்களிடம் சொல்லாமல் விட்டதற்கும் அடித்ததற்கும் எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

சொந்தப் பிள்ளையைத் தானே சோதிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் ஒரு ஒழுங்கு. டாக்டர்கள் தங்கள் வீட்டாருக்கு ஆபரேஷன் செய்யத் தயங்குவார்கள் இல்லையா, அதே யோசனைதான். ஆனால் கணக்குப் பாடத்தில் மகள் ஃபெயில் ஆனதைக் கவனிக்க எந்தச் சோதனையும் வேண்டாம், சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தால் போதும். அந்தக் கோபம் நியாயமானது. மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் கணக்கு.

உங்கள் அம்மாவை நான் சந்தித்ததில்லை. இதே வேலையைச் செய்கிற இன்னொரு பெண்ணுடன் புதுமடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன், மைக்கில் பேசியவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்பது அதிலிருந்து விளங்கும்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ‘மண்டையில ஒண்ணும் ஏறாது மேடம், ஏதாவது சர்ட்டிஃபிகேட் வாங்கிக் குடுத்துருங்க’ என்றார் வகுப்பாசிரியர், அவன் காதுபடவே. அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையனை ஜன்னல் பக்கம் திரும்பிக் கப்பலை எண்ணச் சொன்னார். அங்கே கப்பல் ஏது, கரையில் நாலு வத்தை கிடந்தது, அவன் அதை எண்ணத் தொடங்கினான். இவர் பின்னால் நாலடி தள்ளி நின்று மெதுவாக அவன் பெயரைச் சொன்னார். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், அப்போதும் இல்லை. பக்கத்தில் போய்க் காதைப் பார்த்தால், பஞ்சு. பஞ்சில் சீழ். பையன் பாதி நாள் கடலில் கிடக்கிறவன், சீழ் வடிந்து ரொம்ப நாளாகியிருக்கும், வீட்டில் தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். ஒரு துண்டுச் சீட்டில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். பலகையை அன்றைக்கு அவனுக்கு எடுக்கவே இல்லை. ‘காது கேட்ட பிறகுதான் சார் இவன் யாருன்னே தெரியும்’ என்றார்.

இந்தத் தொழிலின் தொடக்கமே கிட்டத்தட்ட இப்படித்தான். 1896இல் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியல் பேராசிரியரிடம் ஒரு பள்ளி ஆசிரியை தன் மாணவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினாலு வயசுப் பையன், மற்றதெல்லாம் சரி, எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவில்லை. விட்மர் சோதித்ததில் முதலில் தெரிந்தது கண்ணில் கோளாறு. கண்ணாடி போட்டார்கள், அப்புறம்தான் தனிப்பாடம். உளவியல் கிளினிக் என்று உலகத்தில் முதலில் வந்தது அதுதான் என்பார்கள். பேராசிரியர் பெயர் பாடப்புத்தகங்களில் நின்றுவிட்டது. பையனிடம் ஏதோ இருக்கிறது, இது சோம்பேறித்தனம் இல்லை என்று கண்டு கையைப் பிடித்துக் கூட்டிவந்த டீச்சரை யார் நினைக்கிறார்கள்? உங்கள் அம்மா அந்த டீச்சராகவும் இருந்தார், கிளினிக்காகவும் இருந்தார். வகுப்பில் நின்று பழகிய கண்ணோடு உளவியலுக்குள் போனவர். நேராக எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கண் வருவதற்குச் சில வருடம் பிடிக்கும், சிலருக்கு வருவதேயில்லை.

அதே நாளில் ஒரு சிறுமி. நண்டு கிலோ என்ன விலை, மூணே முக்கால் கிலோவுக்கு என்ன வரும் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்கிறாள். அவள் ஆத்தா கம்பெனிக்கு நண்டு போடுகிறவள், கூடவே நின்று பழக்கம். கதை சொல்லச் சொன்னால் ஐஸ் கம்பெனியில் நடந்த சண்டையை ஆள் ஆளாகக் குரல் மாற்றி நடித்துக் காட்டுகிறாள். புத்தகத்தைத் திறந்தால் போச்சு. நம் எழுத்தில் ‘கொ’ என்று எழுத ‘க’வுக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, ‘கௌ’ என்றால் இன்னும் வம்பு. கெ, கே, கொ, கோ எல்லாம் அவளுக்கு இடம் மாறி மாறி நின்றன. ‘மீன்’ என்பதில் சுழியும் இல்லை, புள்ளியும் இல்லை. வகுப்பில் அவளுக்குப் பெயர் மக்கு. அந்தம்மா பினே–காமத் என்ற புத்திச் சோதனையை எடுத்து, கேள்வி கேட்டு, குறித்துக்கொண்டு, கடைசியில் ஆசிரியரைக் கூப்பிட்டு, ‘இவ புத்தி உங்க வகுப்புல பாதிப் பேர விட மேல, வாசிப்புலதான் சிக்கல், இது டிஸ்லெக்ஸியாவா இருக்கும், முழுசாச் சோதிச்சுட்டுச் சொல்றேன்’ என்றார்.

இங்கே சின்னதாக ஒரு சரித்திரம், ஏனென்றால் ஐக்யூ என்றாலே நம் ஆட்கள் பிள்ளைக்கு முத்திரை குத்தும் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே அந்தச் சோதனையை உண்டாக்கியதே, யாருக்குத் தனியாக உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான், யாரை வெளியே தள்ளலாம் என்று பார்ப்பதற்காக இல்லை. வி.வி. காமத் அதை 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்குத் தக்கபடி மாற்றினார். பாரிஸ் பிள்ளைக்கான கேள்வி கர்நாடகத்துத் தார்வாட் பிள்ளைக்குப் பொருந்தாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தார்வாட் கேள்வி தங்கச்சிமடத்துப் பிள்ளைக்குப் பொருந்துமா என்று யோசிப்பது உங்கள் அம்மா மாதிரி ஆட்களின் வேலை, அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

டிஸ்லெக்ஸியா மாதிரியான கற்றல் குறைபாட்டை 1995ஆம் வருடத்து ஊனமுற்றோர் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் அது பெயரோடு வந்தது. அதாவது அம்மா வேலை செய்த காலத்தில் பெரும்பகுதி, இப்படி ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தாலும் கையைக் காட்டிவிட ஒரு சட்டம் இல்லை. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள் என்று சலுகை வாங்க வேண்டும் என்றால் கூட, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். கீழக்கரையில் வாப்பா சவுதியில் இருக்கும் வீட்டில் உம்மா தனியாக எங்கே போவார்? பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற தாய்க்கு ஒரு நாள் ஆபீஸுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அந்த 12 நாளில் ஒன்றை விடச் சொல்ல யாருக்கு மனசு வரும். அதனால் நான் பார்த்த அந்தம்மா என்ன செய்தார் என்றால், பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு கரைக்குப் போனார். பெண்கள் பாசி மூட்டையை இறக்கிவிட்டு, விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்து, முகக்கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே மணலில் உட்கார்ந்து பேச்சு. பாறையில் கிழித்த விரலால் ஒரு தாய் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், பேனா பிடிக்கவே முடியவில்லை, ரேகை போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அப்பாமார்களைப் பிடிக்க வேறு காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பள்ளி லீவு என்று மற்றவர்கள் ஊருக்குப் போகிற நேரத்தில்தான் இவர்களுக்கு வேலை. கையில் காசு இல்லாத, குடி கூடுகிற மாதங்களும் அவைதான், ஆகவே என்ன பேச வேண்டும், எதை அந்த நேரத்தில் பேசக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் இந்தக் கரைக்கே உரிய ஒன்று. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் மறுநாள் பேப்பரில் எத்தனை படகு, எத்தனை மீனவர் என்று வரும். அந்த எண்ணிக்கையில் ஒருவரின் மகன் ராமேஸ்வரத்தில் ஏதோ ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பான். நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பவும் வரும், இல்லை பேச்சு குறையும், இல்லை யாரையாவது போட்டு அடிப்பான். நல்ல மனசோடுதான் ஆசிரியர்கள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் ‘அப்பா வந்துட்டாராடா?’ என்று கேட்கிறார்கள். அதைத் தினமும் கேட்காதீர்கள், அவனாகச் சொல்லும்வரை வழக்கம்போல அவனை வைத்துக் கரும்பலகையைத் துடைக்கச் சொல்லுங்கள், நோட்டு எடுத்துவரச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு பயிற்சி பெற்ற ஆள் செய்கிற வேலை. பாசத்தினால் மட்டும் அது வராது. பாசம் இருந்தால் கேட்கத்தான் தோன்றும்.

இதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். ‘தாய்’ என்று புகழ்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் என்ன தெரிந்தவர் என்பதை அந்தப் புகழ்ச்சி அப்படியே விழுங்கிவிடுகிறது. ஒரு இருதய டாக்டர் செத்தால் அவர் செய்த ஆபரேஷன்களைச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் உளவியல் பார்த்த ஒரு பெண் செத்தால் அவர் அன்பைச் சொல்கிறோம். இன்னொரு சௌகரியமும் இதில் உண்டு. இத்தனை நீளக் கரைக்கு, இத்தனை பள்ளிக்கூடத்துக்கு, பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி வராமல் போகிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஆலோசனை வண்டி என்று அரசு விட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு ஆள் அர்ப்பணிப்போடு ஓடி ஓடி அடைக்கிற ஓட்டையாகவே இருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு விலை கொடுத்தது யார் என்று பார்த்தால் உங்கள் வீடு. உங்கள் அப்பத்தா கஞ்சி காய்ச்சி உங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பியதால்தான் சாயல்குடிப் பிள்ளைக்குச் சோதனை நடந்தது. மலரில் அப்பத்தாவின் படம் ஒன்று போடுங்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

ஆண் தலைமையாசிரியர் யாராவது இப்படி ஊர் ஊராக அலைந்து செத்திருந்தால், அவர் பிள்ளைகளுக்கு யார் தலைவாரினார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்காக உங்கள் கேள்வி தப்பாகிவிடாது. அந்த அப்பாக்களிடமும் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஏர்வாடியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதைக் கட்டுரையில் விரிவாக எழுதுங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தர்காவை ஒட்டியிருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் செத்தார்கள். எரிந்தது காப்பகம், ஆனால் பழி தர்காவின் மேலும் விழுந்தது. நிம்மதி தேடி எல்லா மதத்து ஆட்களும் இன்றைக்கும் போகிற இடம் அது. பிற்பாடு அங்கேயே மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு வந்ததை நான் நல்ல காரியமாகத்தான் பார்க்கிறேன். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன, 2017இல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்தது. இதெல்லாம் செய்தி. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கரையோரத்தில் எத்தனையோ பேர் உச்சுக்கொட்டியிருப்பார்கள். ஒரு இடைநிலை ஆசிரியை, வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள், மாமியார் இருக்கிறார், சம்பளம் ஒன்றும் கூடப்போவதில்லை, அப்படியிருந்தும் தபால் வழிப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கியிருக்கிறார். ஏன்? வகுப்பில் அவருக்கு யார் ஞாபகம் வந்தது? அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். உங்கள் அம்மாவைப் பற்றி மற்றவர்கள் யாரும் எழுத முடியாத ஒரு பக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்குப் பாடத்தையும் எழுதுங்கள். புகாராக எழுத வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி, மூன்று நாலு வரி. ரேங்க் கார்டு, அப்பாவின் கையெழுத்து, எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது, தெரிந்தபோது அம்மா என்ன சொன்னார். கடிதத்தில் அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. படிக்கிற பழைய மாணவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அவர்களுக்குக் கிடைத்த மணி நேரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர்களும் தெரிந்துகொள்ளலாம்.

நோட்டுகள் விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். மலரில் ஒரு வரி கூட வரக் கூடாது. தலைமையாசிரியர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார். நம் ஊரில் பெயரை எடுத்தால் என்ன மறைந்துவிடும்? ‘வேதாளைப் பையன், அப்பா இலங்கைச் சிறையில் இருந்தபோது ஏழாவது படித்தவன்’ என்றால் டீக்கடையில் நாலாவது நிமிடம் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பையனுக்கு இப்போது கல்யாணமாகியிருக்கும். படுக்கை நனைத்ததை, ஐக்யூ எண்ணை, தாய் அழுதுகொண்டே சொன்ன வீட்டுச் சண்டையை அம்மா எழுதிவைத்தது வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற உறுதியின் பேரில். அம்மா இல்லை என்பதால் அந்த உறுதி காலாவதி ஆகாது. நீங்களும் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஆசை இருக்கும், இருந்தாலும்.

அம்மாவுடன் வேலை செய்த, அதே படிப்புப் படித்த ஒருவரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். சோதனை அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான சான்று என்று பெற்றோருக்குச் சேர வேண்டிய அசல் தாள்கள் உள்ளே இருந்தால், உதவித்தொகைக்கு அவை தேவைப்படும், மூடிய கவரில் போட்டு அவரவர் கையில் நேராகக் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் கொடுத்து அனுப்பக் கூடாது. பாக்கிக் குறிப்புகளை எரித்துவிடலாம். பலகையும் சோதனைப் பெட்டியும் நல்ல நிலையில் இருந்தால், வட்டார வள மையத்தில் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்வார்கள். கொடுக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்தால் அதுவும் உங்கள் இஷ்டம்.

மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கட்டுரையை அதற்கு முன்னால் காட்ட வேண்டும் என்று தோன்றினால் மின்னஞ்சலில் அனுப்புங்கள், எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன், வேறு எதிலும் கை வைக்க மாட்டேன்.

அன்புடன்.